கிரீஸில் ஒட்டிய மணல்: காருக்கு வேறு ஏர் ஃபில்டர் போட்டுப் பார்த்த அனுபவம்

மாமா பானெட்டைத் திறந்ததும் இன்ஜினைப் பார்க்கவில்லை. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளாம்பைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஹோஸின் உட்சுவரை ஒரு சுற்று வழித்தார். அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்து என் காதருகே கொண்டுவந்து தேய்த்தார். நறநறவென்று கேட்டது.

"இது ஃபில்டருக்கு எந்தப் பக்கம் மாப்ள?"

"உள் பக்கமுங்க மாமா. ஃபில்டரைத் தாண்டி வந்த பக்கம்."

"அப்ப இந்த மண்ணு அடுத்து எங்க போகும்?"

எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். டர்போவின் விசிறிக்கு, அங்கிருந்து சிலிண்டருக்கு, பிஸ்டன் ரிங்குக்கு. வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. ஐந்து மாதம் முன்புதான் 6,400 ரூபாய் கொடுத்து அந்தக் கோன் ஃபில்டரை மாட்டியிருந்தேன்.

என் கார் 2016 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 1,248 சிசி, 75 குதிரைசக்தி. வீடு திருச்செங்கோடு, வேலை நாமக்கல் பக்கம். போகிற வழியில் கல் உடைக்கும் கிரஷர்கள் இரண்டு இருக்கின்றன. எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் காலை ஏழு மணிக்கே ஓட ஆரம்பித்துவிடும். தார்ப்பாய் போட்டாலும் ஓரத்தில் பொடி கொட்டிக்கொண்டேதான் போகும். ஏர் ஃபில்டர் பற்றி யோசிக்கும் எவரும் முதலில் தன் சாலையைத்தான் யோசிக்க வேண்டும். நான் யோசித்தது பிக்கப்பை.

உந்துதல் எல்லாருக்கும் வருவதுதான். டீசல் ஸ்விஃப்ட் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே ஓடும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதற்கு மேல் டர்போ பிடித்து இழுக்கும். அந்த மந்தம் போக வேண்டும் என்று தேடினேன். கம்பெனி கொடுத்த பெட்டி மூச்சை அடைக்கிறது, அதை எடுத்துவிட்டுப் பெட்டியில்லாத, கூம்பு வடிவத் திறந்த கோன் ஃபில்டர் போட்டால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும் என்று பல இடங்களில் படித்தேன். பக்கத்து நகரத்தில் ஒரு கடைக்காரர் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார். கம்பெனிப் பெட்டியை அட்டையில் சுற்றி டிக்கியில் வைத்தார்.

சத்தம் நன்றாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆக்சிலேட்டரை அழுத்தினால் டர்போவின் விசில் காதில் விழும், காலை எடுத்தால் ஒரு பெருமூச்சு. சங்ககிரி வரை போய்த் திரும்பினேன். வண்டி பறக்கிற மாதிரி இருந்தது. அந்த "மாதிரி"யை நான் முதல் வாரமே அளந்து பார்த்திருக்க வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டது வெப்பம். என்னிடம் சின்ன புளூடூத் ஸ்கேனர் ஒன்று உண்டு. காரின் ஓபிடி சாக்கெட்டில் செருகினால் சென்சார் காட்டும் எண்கள் போனில் வரும். ஏப்ரல் மதியம், வெளியே 37 டிகிரி. பேருந்து நிலையத்துக்கு முன்னால் நெரிசலில் நின்றபோது இன்ஜின் இழுக்கும் காற்றின் வெப்பம் 61 டிகிரி. பின்னாளில் கம்பெனிப் பெட்டியை மாட்டி அதே இடத்தில், ஏறக்குறைய அதே வெயிலில் நின்றபோது 45. வேகமாக ஓடும்போது இந்த வித்தியாசம் குறையும். 80 கிலோமீட்டர் வேகத்தில் கோன் 46, பெட்டி 40 என்று காட்டின.

காற்று சூடானால் விரியும், அதே இடத்தில் ஆக்சிஜன் குறையும். நம் ஊர் வெப்பத்தில் ஒவ்வொரு 3 டிகிரிக்கும் காற்றின் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 16 டிகிரி என்றால் 5 சதவீதம். டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றி இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆனாலும் நெரிசலில் நின்று கிளம்பும் அந்த நொடியில், எனக்குப் பிக்கப் வேண்டிய அதே இடத்தில், நான் வாங்கிய பொருள் வெந்த காற்றை ஊட்டிக்கொண்டிருந்தது. கம்பெனிப் பெட்டிக்கு மூடி இருப்பதும், அதன் குழாய் முன் கிரில் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதும் குளிர்ந்த காற்றுக்காக. உள்ளே தடுப்பு அறைகள் இருப்பது சத்தத்தை விழுங்க. அடைசலாகத் தெரிந்த பெட்டிக்குள் இவ்வளவு வேலை நடக்கிறது என்பது அதைக் கழற்றிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது சென்சார். கோன் ஃபில்டர் எண்ணெய் தடவிய பருத்தித் துணி வகை. கழுவி மீண்டும் போடலாம் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. மூன்றாம் மாதம் துணி செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. கழுவும் திரவத்தைத் தெளித்து, அலசி, மொட்டை மாடியில் காய வைத்தேன். பிறகு சிவப்பு எண்ணெயை மடிப்பு மடிப்பாக விட்டேன். எங்கேயும் வெள்ளைத் திட்டு தெரியக்கூடாது என்று இரண்டாவது முறையும் விட்டேன். ஊறுவதற்கு நேரம் கொடுக்காமல் அன்று மாலையே மாட்டினேன். இரண்டு நாள் கழித்து நாமக்கல் மேம்பாலம் ஏறும்போது டேஷ்போர்டில் இன்ஜினின் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி 2,500 சுற்றுக்கு மேல் இழுக்கவே இல்லை. பின்னால் வந்த லாரி ஹாரனை அடித்தபடி ஒட்டிக்கொண்டு வர, இரண்டாம் கியரில் ஊர்ந்து மேம்பாலத்தைத் தாண்டினேன்.

நடந்தது இதுதான். ஃபில்டருக்கு அடுத்து, காற்று போகும் பாதையில் ஏர் ஃப்ளோ சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் ஒரு மெல்லிய படலத்தைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். ஓடுகிற காற்று அதைக் குளிரவைக்கும். எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து எவ்வளவு காற்று போகிறது என்று கணக்கிடும். அந்தப் படலத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, பிசுக்கில் தூசியும் ஒட்டினால், போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். காற்று குறைவாக வருவதாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். டீசலில் கம்ப்யூட்டர் இதை நம்பித்தான் புகை வராத அளவுக்கு டீசலை அளந்து ஊற்றுகிறது. காற்று இல்லை என்று நினைத்தால் டீசலைக் குறைக்கும். வண்டி இழுக்காது.

ஒரு பட்டறையில் சென்சாரையே மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றவில்லை. அந்த சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரே வாங்கி, விரலோ துணியோ படாமல், சற்றுத் தள்ளி வைத்து அடித்து, நன்றாக உலரவிட்டு மாட்டினேன். சரியாகிவிட்டது. கார்புரேட்டர் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, படலம் கெட்டுவிடும்.

காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயோடு சேர்த்து கிட் வாங்குகிறவர்கள் இதே சென்சார் விஷயத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சென்சார் உட்காரும் இடத்தில் குழாயின் உள்விட்டம் கம்பெனி அளவுக்கு இம்மியும் மாறாமல் இருக்க வேண்டும். சென்சார் முழுக் காற்றையும் அளப்பதில்லை, தன்மேல் படும் காற்றின் வேகத்தை வைத்து மொத்தத்தை ஊகிக்கிறது. குழாயின் பரப்பு 10 சதவீதம் பெரிதானால் வேகம் குறையும், கணக்கும் அதே அளவு குறையும். வாங்கும் முன் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். கடைக்காரர் அளக்கவிடவில்லை என்றால் அந்தக் கிட் வேண்டாம்.

இந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் மாமாவிடம் காரைக் காட்டினேன். மாமா ரிக் வைத்திருக்கிறார். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரிகள் இந்த ஊரிலிருந்துதான் நாடு முழுக்கப் போகின்றன. மாமாவும் ஆந்திரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று வருடக்கணக்கில் ரிக்கோடு அலைந்தவர். ரிக் தோண்டும்போது பாறைப்பொடி மேகமாக எழும். அந்த மேகத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் கம்ப்ரசர் இன்ஜின் நாள் முழுக்க மூச்சு இழுக்க வேண்டும். ஏர் ஃபில்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தவர்களில் அதிகம் தெரிந்தவர் அவர்தான். அவரிடம் முதலில் கேட்காமல் விட்டது எனக்கு இன்னும் வருத்தம்.

கம்ப்ரசரில் ஃபில்டர் ஒன்றல்ல, இரண்டு. வெளியே பெரியது, அதற்குள் காவலுக்கு ஒரு சிறியது. வெளி ஃபில்டர் கிழிந்தாலோ, மாற்றும்போது மண் சிதறினாலோ உள்ளே இருப்பது தாங்கும். பெட்டியின் மேல் ஒரு சின்ன இண்டிகேட்டர் இருக்கும். ஃபில்டர் அடைக்க அடைக்க உள்ளே இழுவை கூடும், ஒரு அளவைத் தாண்டினால் சிவப்பு வந்துவிடும். சிவப்பு வந்தால் மாற்று, இல்லையென்றால் கை வைக்காதே என்பதுதான் மாமா தன் ஆட்களுக்குப் போட்டிருக்கும் சட்டம்.

"தெனம் தொறந்து பாக்கறவனோட இன்ஜின்தான் மாப்ள மொதல்ல போகும். தொறக்கற ஒவ்வொரு தடவையும் மூடியில ஒட்டுன மண்ணு உள்ள விழும். ஃபில்டர்ல மண்ணு இருந்தா அது அதோட வேலையச் செய்யுதுன்னு அர்த்தம்."

கம்பெனிப் பெட்டிக்குள் வருகிற காகித ஃபில்டர் புதிதாக இருக்கும்போதைவிட கொஞ்சம் மண் படிந்த பிறகுதான் நன்றாக வடிகட்டும். படிந்த மண்ணே இன்னொரு சல்லடையாகிவிடுகிறது. பட்டறைகளில் சர்வீஸுக்கு விட்டால் ஃபில்டரை எடுத்துக் கம்ப்ரசரில் 'ஏர் அடிச்சு' மாட்டுகிறார்களே, அதைப் பார்த்தால் மாமாவுக்குக் கோபம் வரும். பக்கத்தில் வைத்து அடிக்கும் காற்று காகிதத்தின் இழைகளைக் கிழிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். வெளிப் பக்கத்திலிருந்து அடித்தால் மண்ணை உள்ளேயே தள்ளும். நான் இப்போது சர்வீஸுக்கு விடும்போதே ஏர் ஃபில்டரைத் தொட வேண்டாம் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்கிறேன்.

மாமா என்னிடம் கேட்ட அடுத்த கேள்வி எளிமையானது. "பழைய பெட்டி மூச்ச அடைக்குதுன்னு சொன்னியே, எவ்வளவு அடைக்குதுன்னு அளந்தியா?"

அளக்கும் வழியையும் அவரே சொன்னார். கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான டியூப். அதை எழுத்து 'ப'வின் வடிவில் ஒரு பலகையில் மடித்துக் கட்டி, பாதி வரை தண்ணீர் விட்டு, ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் குழாயில் இணைக்க வேண்டும், மறுமுனை திறந்திருக்க வேண்டும். இன்ஜின் இழுக்க இழுக்க ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபில்டரும் பெட்டியும் சேர்ந்து போடும் தடை. என் காரின் குழாயில் ஓட்டை போட மனமில்லாமல் பழைய சாமான் கடையில் அதே மாடல் குழாய் ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்கி அதில் ஒரு நிப்பிள் வைத்தேன். டியூபின் ஒவ்வொரு காலும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் தண்ணீர் டர்போவுக்குள் போய்விடும், அது விளையாட்டல்ல.

ஞாயிறு அதிகாலை, ஆளில்லாத நேரம். தம்பி பக்கத்து இருக்கையில் பலகையைப் பிடித்துக்கொண்டான், மடியில் டேப். நான்காம் கியர், ஆக்சிலேட்டர் முழுதாக, 4,000 சுற்று வந்ததும் அவன் படித்துச் சொல்ல வேண்டும். பழைய, 22,000 கிலோமீட்டர் ஓடிய காகித ஃபில்டருக்கு 19 சென்டிமீட்டர். புதிய காகித ஃபில்டருக்கு 11. அதே பெட்டிக்குள் உட்காரும் அளவில், எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டோம், 9.

இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது? நம் தலைமேல் இருக்கும் வளிமண்டலத்தின் அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். அப்படியென்றால் 10 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது அதில் ஏறக்குறைய 1 சதவீதம். புதிய காகித ஃபில்டர், பெட்டி, குழாய் மூன்றும் சேர்ந்து என் இன்ஜினிடமிருந்து எடுத்துக்கொள்வது மொத்தமே 1 சதவீதத்தை ஒட்டித்தான். பருத்திக்கு மாறினால் மிச்சமாவது 2 சென்டிமீட்டர், அதாவது 0.2 சதவீதம். 75 குதிரையில் 0.15 குதிரை. பெட்டியையே கழற்றி எறிந்து ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும் கிடைக்கக்கூடியது ஒரு குதிரைக்குள்தான். அதையும் டர்போ கண்ணுக்குத் தெரியாமல் சரிக்கட்டிவிடுகிறது. தம்பி பலகையைப் பார்த்துவிட்டு, "இதுக்காண்ணா ஆறாயிரம்?" என்றான்.

ஓட்டத்தையும் அளந்தோம். நான்காம் கியரில் 60-லிருந்து 100 வரை, ஒரே சாலை, போகும்போது மூன்று முறை, வரும்போது மூன்று முறை, போனில் ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுத்து நொடிகளை எண்ணினோம். பழைய காகிதம் சராசரி 10.4 நொடி, புதிய காகிதம் 10.1, பருத்தி 10.1, கோன் 10.3. கோன் மாட்டிய அன்று பறந்தது காரல்ல, என் காது.

மைலேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. அடைத்த ஃபில்டர் மைலேஜைக் குடிக்கும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, குறைந்தது வேகமெடுக்கும் திறன்தான் என்று கண்டது. டீசலில் எப்போதும் தேவைக்கு மேல் காற்று உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், வித்தியாசம் தெரிய இன்னும் வாய்ப்பில்லை. டாங்க் நிரப்பி நிரப்பி நான் பார்த்ததில் எந்த ஃபில்டருக்கும் மைலேஜ் மாறவில்லை.

ஆக, கிடைப்பது எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. கொடுப்பது எவ்வளவு என்பதுதான் மாமாவின் விரலில் நறநறத்தது.

1,248 சிசி இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 2,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 1,248 லிட்டர், மணிக்கு சுமார் 75,000 லிட்டர். டர்போ தள்ளுவது இதற்கு மேல். இவ்வளவு காற்றும் கிரஷர் சாலையிலிருந்து வருகிறது. பாறைப்பொடியில் குவார்ட்ஸ் கணிசமாக இருக்கும், இரும்பைக் கீறும் கடினம் கொண்டது. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால், சிலிண்டர் சுவருக்கும் ரிங்குக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் அதில் சில மைக்ரான்தான். அந்த இடைவெளிக்குள் நுழையும் அளவுத் தூசிதான் அதிகம் தேய்க்கும், அது கண்ணுக்கே தெரியாது. டர்போ விசிறி நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை போகக்கூடிய சாமான். அந்த வேகத்தில் மணல் பட்டால் இறக்கையின் விளிம்பு உளியால் செதுக்கியது போல ஆகும்.

ஃபில்டர் வாங்கும்போது பெட்டியில் 97 சதவீதம், 99.5 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். இரண்டரை சதவீதம்தானே வித்தியாசம் என்று நானும் நினைத்தேன். தடுப்பதை எண்ணாமல், தப்பிப் போவதை எண்ணிப் பாருங்கள். 100 கிராம் தூசி வந்தால் 99.5 சதவீத ஃபில்டர் அரை கிராமை உள்ளே விடும். 97 சதவீத ஃபில்டர் 3 கிராமை விடும். ஆறு மடங்கு. ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு உலகத் தரம் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுத் தூசியை ஊட்டி, எவ்வளவு தடுத்தது, எவ்வளவு மண்ணைத் தாங்கியது, எவ்வளவு தடை போட்டது என்று மூன்றையும் அளப்பார்கள். அந்தத் தரத்தின்படி எண் கொடுக்காமல் 'அதிகக் காற்று' என்று மட்டும் பெட்டியில் எழுதியிருந்தால் எனக்கு அது போதாது. காற்று எளிதாகப் போகிற சல்லடையில் தூசியும் எளிதாகப் போகும். இரண்டையும் சேர்த்துச் சாதிக்க வேண்டுமென்றால் ஃபில்டரின் பரப்பைப் பெரிதாக்க வேண்டும். அதனால்தான் காகித ஃபில்டரில் அத்தனை மடிப்புகள். விரித்தால் ஒரு பெரிய துண்டு அளவுக்கு வரும்.

இதை என் காரிலேயே சோதிக்க மாமா கிரீஸ் வைத்தியம் சொன்னார். ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உட்சுவரில் விரலால் மிக மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவ வேண்டும். கட்டியாக வைத்தால் பிய்ந்து உள்ளே போகும், மினுமினுப்பு தெரிந்தால் போதும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும்.

கோன் ஃபில்டருக்கு ஆயிரம் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் துணியில் மணல் பளபளத்தது, வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு மணியும் தெரிந்தது. பெட்டிக்குள் போட்ட பருத்தி ஃபில்டர் பரவாயில்லை, மணல் இல்லை, ஆனால் ஆயிரம் கிலோமீட்டரில் காப்பிப்பொடி நிறத்தில் மெல்லிய படலம். காகித ஃபில்டருக்குத் துணி வெள்ளையாகவே இருந்தது, ஒரு இடம் தவிர. குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு தூசிக் கோடு.

அந்தக் கோடுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக் கொடுத்தது. காகிதம் தூசியை விடவில்லை, ஃபில்டரின் ஓரம் விட்டிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பெட்டியின் ஒரு மூலையில் ரப்பர் விளிம்பு அமுங்கவே இல்லை. அந்த ஃபில்டர் நான் அவசரத்துக்கு ஒரு சில்லறைக் கடையில் 180 ரூபாய்க்கு வாங்கியது. கம்பெனி ஃபில்டர் பக்கத்தில் வைத்தபோது விளிம்பு கட்டையாக இருந்தது, ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் குட்டை. மடிப்புகளை எண்ணினேன், எட்டு குறைவு. அதை எடுத்துவிட்டு டீலரிடம் 400 ரூபாய் சொச்சத்துக்கு அசலை வாங்கிப் போட்ட பிறகு கோடு வரவில்லை.

இப்போது எந்த ஃபில்டர் வாங்கினாலும் கடையிலேயே விளிம்பை நகத்தால் அழுத்திப் பார்ப்பேன், நகம் பதிந்து மெதுவாக எழும்ப வேண்டும். உள் பக்கத்தில் போன் டார்ச்சை வைத்து மடிப்புகளின் அடியில் ஊசி ஓட்டை வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். காகிதமும் விளிம்பும் சேரும் இடத்தில் பசை விடுபட்டிருக்கிறதா என்று விரலை ஓட்டுவேன். மாட்டும்போது பெட்டியின் பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார வைத்து, மூடியின் எல்லாப் பூட்டும் சமமாக இறுகியதா என்று பார்ப்பேன். ஃபில்டருக்குப் பிறகு வரும் ஒவ்வொரு கிளாம்பும் முக்கியம். அங்கே ஒன்று தளர்ந்தால் எந்த ஃபில்டர் போட்டும் பயனில்லை, மண் குறுக்கு வழியில் போய்விடும். என் மெக்கானிக்குக்குக்கூட இதில் கவனம் குறைவு. குறட்டால் இறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார், நான் பின்னால் போய் ஒருமுறை திருப்பிப் பார்ப்பேன்.

கையேட்டில் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று, தூசியான சாலை என்றால் அதற்கு முன்பே என்று இருக்கிறது. நான் 20,000-ல் மாற்றுகிறேன். 19 சென்டிமீட்டர் வந்த கணக்கை வைத்து எடுத்த முடிவு அது. நெடுஞ்சாலையிலேயே ஓடும் காருக்கு அவ்வளவு சீக்கிரம் தேவைப்படாது.

ஆயிலையும் ஒருமுறை சோதித்தோம். மாமா ரிக் இன்ஜின்களின் பழைய ஆயிலை அவ்வப்போது லேபுக்கு அனுப்புவார், என்னுடையதையும் சேர்த்து அனுப்பினார். மண்ணின் அடையாளம் அதில் சிலிக்கான். கோன் போட்டு 6,000 கிலோமீட்டர் ஓடிய ஆயிலில் பத்து லட்சத்துக்கு 41 பங்கு. அசல் காகித ஃபில்டரோடு 10,000 ஓடிய ஆயிலில் 13. இன்ஜினை அண்மையில் பிரித்துப் பசை போட்டு மூடியிருந்தால் அந்தப் பசையும் சிலிக்கானைக் கூட்டிக் காட்டும் என்று லேபில் சொன்னார்கள். என் இன்ஜினை யாரும் பிரிக்கவில்லை.

கோன் ஃபில்டரே கூடாது என்று சொல்ல வரவில்லை. கே அண்ட் என் போன்ற நிறுவனங்கள் பல வருடங்களாகப் பருத்தி ஃபில்டர் செய்கின்றன, பந்தயக் களத்தில் அவற்றுக்கு இடமிருக்கிறது. டர்போவை மாற்றி, இன்ஜெக்டரை மாற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கையும் மாற்றி (ரீமேப் செய்து), காற்றின் தேவையே இரு மடங்காகிவிட்ட காருக்குக் கம்பெனிப் பெட்டி உண்மையிலேயே சிறிதாகிப்போகலாம். பந்தய இன்ஜினை ஒரு சீசனுக்குள் பிரித்துச் செய்கிறவர்கள் தேய்மானத்துக்கு அஞ்சுவதில்லை. என் இன்ஜின் 2 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும், அது வேறு கணக்கு. கழுவும் வசதிக்காகத்தான் என்றால் பெட்டிக்குள் உட்காரும் வகையை, தடைக்கும் வடிகட்டலுக்கும் எண் கொடுக்கும் நிறுவனத்திடம் வாங்குங்கள். கழுவிய பிறகு நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள், எண்ணெயைக் கிட்டில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் விடாதீர்கள்.

ஃபில்டரைக் குளிர்ந்த காற்றுக்காக பம்பருக்குள் கீழே இறக்கும் கிட்டுகளை மட்டும் நம் ஊருக்கு வேண்டாம் என்று அழுத்தியே சொல்வேன். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது கம்பெனிக் குழாய் வைத்த கார்களே தண்ணீரைக் குடித்து நின்றன. தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும். சாதாரண இன்சூரன்ஸ் இதற்குப் பணம் தராது, இன்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தாலும் நீங்களே குழாயைக் கீழே இறக்கியிருந்தால் கேள்வி வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் காரில் டர்போ போனால், சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அந்தக் கோனைத்தான்.

எனக்கு இருந்த அந்தத் தொடக்க மந்தம் பிறகு எப்படிப் போனது என்றால், பாதி ஓட்டும் முறையால். 1,800 சுற்றுக்குக் கீழே விடாமல் ஒரு கியர் குறைத்து ஓட்டப் பழகினேன். மீதியை டர்போவுக்கு அடுத்து வரும் ஹோஸில் இருந்த ஒரு விரிசல் தின்றுகொண்டிருந்தது. மாமாதான் சோப்புத் தண்ணீர் தெளித்து, இன்ஜினை முடுக்கி நுரையைக் காட்டினார். ஹோஸ் 1,100 ரூபாய்.

சென்ற வாரம் அலுவலகத்தில் கூட வேலை செய்பவர் தன் பெட்ரோல் காருக்கு கோன் ஃபில்டர் கிட் ஒன்றைப் போனில் காட்டி எப்படி என்று கேட்டார். எப்படி என்று நான் சொல்லவில்லை. டிக்கியில் கிடந்த டியூப் பலகையையும் ஒரு சின்ன டப்பா கிரீஸையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.